துளியைப் பெரிதாக்கியவர்கள்

ஒளியின் வரலாறு – 9

சென்ற அத்தியாயத்தில் கெய்ரோவில் இப்னு அல் ஹைதமின் இருட்டறையில் நின்றோம். கண்ணிலிருந்து ஏதோ ஒரு கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுகிறது என்ற பழைய நம்பிக்கையை அவர் உடைத்தார். பொருளிலிருந்துதான் ஒளி கண்ணுக்கு வருகிறது என்று சோதனை வழியே நிறுவினார். ஏழு பகுதிகள் கொண்ட 'கிதாப் அல் மனாஸிர்' அவர் விட்டுச்சென்ற பெருஞ்செல்வம். அத்தகைய மனிதருக்கும் வானவில் பிடிபடவில்லை.

வானவில்லுக்கென்றே அவர் தனியாக ஒரு நூல் எழுதினார். மேகத்தை உட்குழிந்த ஒரு பெரிய கண்ணாடியாக அவர் எண்ணிக்கொண்டார். சூரியனின் ஒளி அதில் பட்டுத் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது, அதனால் வில் வளைந்து தெரிகிறது என்றார். கணக்கு நேர்த்தியானது. ஆனால் அடிப்படையே தவறு.

இந்தத் தவறு அவருடையது மட்டுமன்று. அவருக்கு ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் இந்தப் பாதையைப் போட்டுவிட்டார். மேகத்தில் மழையாகத் திரளும் துளிகள் மிகச் சிறிய கண்ணாடிகள், உருவத்தைக் காட்ட இடமில்லாததால் நிறத்தை மட்டும் காட்டுகின்றன என்பது அவர் கருத்து. துளி என்ற சொல் அதில் வந்துவிட்டது. ஆனால் ஒளி துளியின் மேற்பரப்பில் பட்டுத் தெறிப்பதாகவே அவர் நினைத்தார். அது துளிக்குள் நுழையக்கூடும் என்ற எண்ணம் எழவில்லை. அவருக்குப் பின் வந்தவர்கள் பெரும்பாலும் மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்னு சீனா ஒருவர் கொஞ்சம் விலகி நடந்தார். மருத்துவ நூல்களால் புகழ்பெற்ற அதே இப்னு சீனாதான் (980–1037). குளியல் கூடத்தில் பரவிய நீர்த்திவலைகள்மீது வெயில் விழுந்தபோது அங்கே வானவில்லின் நிறங்கள் தோன்றியதைக் கவனித்து எழுதியிருக்கிறார். அங்கே மேகம் ஏது? ஆகவே வில் பிறக்கும் இடம் மேகம் அல்ல, அதன் முன்னால் மிதக்கும் திவலைகளே, மேகம் பின்னணித் திரை மட்டுமே என்று சரியாகச் சொன்னார். நிறங்களின் காரணம் தனக்கு விளங்கவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதிவைத்தார். ஓர் அறிஞர் தனக்குத் தெரியாததைப் பதிவு செய்தால், பின்னால் வருபவருக்குத் தொடங்க வேண்டிய இடம் தெரியும். அவருக்குப் பின்னும் இரண்டரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

1258இல் மங்கோலியப் படை பாக்தாதை அழித்தது. மறு ஆண்டே, அந்தப் படையை நடத்திய ஹுலாகு கானின் ஆதரவில், இன்றைய ஈரானின் வடமேற்கிலுள்ள மராகாவில் ஒரு வானாய்வுக்கூடம் எழத் தொடங்கியது. அதை வழிநடத்தியவர் நசீருத்தீன் அல் தூசி. அவரிடம் பயின்றவர்களில் குத்புத்தீன் அல் ஷீராஸி முக்கியமானவர். பிற்காலத்தில் ஷீராஸி தப்ரீஸ் நகரில் வாழ்ந்தார். அங்கே அவரிடம் பாடம் கேட்டவர்தான் நம் கதையின் முதல் நாயகர் கமாலுத்தீன் அல் ஃபாரிசி, 1267இல் பிறந்தவர். கணிதத்திலும் பெரிய ஆள். 17,296, 18,416 என்ற இரு எண்களில், ஒன்றின் வகுஎண்களை, அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டு, கூட்டினால் மற்றது வரும். இந்த நட்பு எண்களைக் கண்டு நிறுவிய பெருமை அவருக்கு உண்டு.

ஒளி ஓர் ஊடகத்திலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது வளைவதைப் பற்றி முன்னோர் எழுதியவை ஃபாரிசிக்குத் திருப்தி தரவில்லை. ஆசிரியரிடம் போய்க் கேட்டார். ஷீராஸிக்கு இளமையில் ஒரு நூலகத்தில் பார்த்த புத்தகம் நினைவுக்கு வந்தது. அது இப்னு அல் ஹைதமின் ஒளியியல் நூல். அதைத் தேடி வரவழைத்து மாணவர் கையில் கொடுத்தார். எழுதியவர் இறந்து இரு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. கிழக்கு இஸ்லாமிய உலகில் அந்த நூலைப் படித்தவர்கள் அப்போது மிகச் சிலரே. அதற்கு ஓர் உரை எழுது என்றும் ஆசிரியர் சொன்னார். அப்படிப் பிறந்ததுதான் 'தன்கீஹ் அல் மனாஸிர்'. பெயருக்குத்தான் உரை. மூல ஆசிரியர் தவறிய இடங்களில் அதைச் சுட்டிக்காட்டித் திருத்தும் துணிவு அதில் இருந்தது.

வானவில் பகுதிக்கு வந்தபோது ஃபாரிசி செய்த காரியம் எளிமையானது. அதனாலேயே எனக்கு அது பேரதிசயமாகப் படுகிறது. இப்னு அல் ஹைதம் எழுதிய வானவில் நூலை அவர் ஒதுக்கிவைத்தார். அதே ஆசிரியர் வேறொரு நோக்கத்துக்காக எழுதிய இன்னொரு சிறு நூலைக் கையில் எடுத்தார். வெயிலைக் குவித்துப் பொருளை எரிக்கும் கண்ணாடி உருண்டைக்குள் கதிர்கள் எப்படிப் போகின்றன என்பதை ஆராயும் நூல் அது. எரிக்கும் உருண்டையைப் பற்றிச் சொன்னது மழைத்துளிக்கும் பொருந்துமே, இரண்டும் உருண்டைதானே என்று ஃபாரிசிக்குத் தோன்றியது.

துளியைக் கையில் பிடித்து ஆராய முடியாது. ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் குறுக்களவு, அதுவும் விழுந்துகொண்டே இருக்கும். ஆகவே துளியைப் பெரிதாக்கினார். உருண்டை வடிவில் ஒரு கண்ணாடிப் பாத்திரம், நிறையத் தெளிந்த நீர். இருட்டறைக்குள் அதை வைத்துச் சிறு திறப்பு வழியாக ஒளியை விட்டார். ஒளி நீருக்குள் நுழையும்போது வளைகிறது. பின்சுவரில் ஒரு பகுதி தெறித்துத் திரும்புகிறது. முன்பக்கம் வழியாக வெளியேறும்போது மறுபடி வளைகிறது. இரண்டு வளைவு, நடுவில் ஒரு தெறிப்பு. இதுதான் முதன்மை வில். உள்ளே இரண்டு முறை தெறித்து வெளியேறினால் மேலே மங்கலாகத் தெரியும் இரண்டாம் வில்.

சோதனையில் ஓர் ஓட்டை இருப்பதையும் அவர் உணர்ந்திருந்தார். மழைத்துளியைச் சுற்றிக் கண்ணாடிச் சுவர் கிடையாது, இவருடைய உருண்டைக்கு உண்டு. அந்தச் சுவர் முடிவை மாற்றிவிடாதா? கணக்குப் போட்டுப் பார்த்து, அதன் விளைவைப் புறக்கணிக்கலாம் என்று காட்டிய பிறகே மேலே போனார். பெரிய உருண்டையில் நடப்பது சிறிய துளியிலும் நடக்குமா என்ற கேள்விக்கும் பதில் உண்டு. கோணங்கள் உருவத்தைப் பொறுத்தவை, அளவைப் பொறுத்தவை அல்ல. (மூடுபனியின் மிக நுண்ணிய திவலைகளில் இந்த விதி தளர்ந்து, நிறமற்ற வெள்ளை வில் தோன்றும். அலைக் கொள்கை வரும்போது அதைப் பார்ப்போம்.) இந்தக் கண்டுபிடிப்பில் ஆசிரியரின் பங்கு எவ்வளவு, மாணவரின் பங்கு எவ்வளவு என்று வரலாற்றாசிரியர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஷீராஸியும் வானவில்லைப் பற்றி எழுதியவர்தான். இருவரும் சேர்ந்து தீர்த்தார்கள் என்று கொள்வதில் தவறில்லை.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில், சில ஆயிரம் கிலோமீட்டர் மேற்கே, இவ்விருவர் பெயரையும் கேள்விப்பட்டே இராத ஒரு துறவி இதே சோதனையைச் செய்துகொண்டிருந்தார்.

அவர் பெயர் தியோடரிக். ஜெர்மனியின் ஃபிரைபெர்க் ஊர்க்காரர், டொமினிக்கன் சபைத் துறவி, பாரிசில் படித்தவர். 1293 முதல் 1296 வரை சபையின் ஜெர்மானிய மாகாணத்துக்கே தலைவராக இருந்தவர். 1304இல் பிரான்சின் துலூஸ் நகரில் சபையின் பொதுக்கூட்டம் நடந்தது. வானவில்லைப் பற்றி அவர் கண்டறிந்தவற்றை எழுதிவைக்கும்படி அப்போது சபைத் தலைவர் வற்புறுத்தினார். அப்படி எழுதப்பட்டது 'தெ இரிதெ' என்ற லத்தீன் நூல்.

அவருக்கு முன்னோடியாக ஐரோப்பாவில் ஓர் அளவீடு இருந்தது. ரோஜர் பேக்கன் 1267இல் எழுதிய 'ஓபுஸ் மாயுஸ்' நூலில், வானவில் அடிவானத்திலிருந்து 42 டிகிரிக்கு மேல் உயராது என்று பதிவு செய்திருந்தார். அருமையான எண் அது. அந்த 42 எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

தியோடரிக்கின் கருவிகளும் எளியவை. படிக உருண்டை, அறுகோணப் படிகம், நீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவை. வைத்தியர்கள் நோயாளியின் சிறுநீரைப் பார்க்க அந்நாளில் வைத்திருந்த வட்டக் குடுவைதான் அது. அவரும் இரண்டு வளைவு, ஒரு தெறிப்பு என்ற அதே பாதையைக் கண்டார். இரண்டாம் வில்லுக்கு இரண்டு தெறிப்பு என்றும் கண்டார். இருவருக்கும் தொடர்பில்லை, ஆனால் வேர் ஒன்று. இப்னு அல் ஹைதமின் நூல் 1200ஆம் ஆண்டை ஒட்டி லத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு ஐரோப்பியத் துறவிகளின் கைக்குப் போயிருந்தது. கெய்ரோவில் எழுதப்பட்ட ஒரு நூல் தப்ரீசிலும் ஃபிரைபெர்க்கிலும் தனித்தனியே முளைத்தது.

தியோடரிக்கிடம் இன்னொரு நுட்பமும் இருந்தது. ஒரு துளி எல்லா நிறங்களையும் வெளியே அனுப்புகிறது. ஆனால் அவை வெவ்வேறு கோணத்தில் போவதால், ஒரே நேரத்தில் உங்கள் கண்ணுக்கு வந்து சேர்வது ஒரு நிறம்தான். உயரத்தில் இருக்கும் துளியிலிருந்து சிவப்பு வரும். அதற்குக் கீழே இருக்கும் துளிகளிலிருந்து மஞ்சளும் பச்சையும், இன்னும் கீழே நீலமும் வரும். மழை விழுந்துகொண்டே இருக்கும்போது வில் மட்டும் அசையாமல் நிற்பது இதனால்தான். விழும் ஒவ்வொரு துளியும் முதலில் சிவப்பைக் கொடுக்கிறது, கொஞ்சம் இறங்கியதும் மஞ்சளை, பிறகு மற்றவற்றைக் கொடுத்துவிட்டுப் போகிறது. அது விட்ட இடத்தில் அடுத்த துளி வந்துவிடுகிறது. அருகருகே நிற்கும் இருவர் பார்ப்பதும் ஒரே வில் அன்று. என் கண்ணுக்குச் சிவப்பை அனுப்பும் துளி உங்கள் கண்ணுக்கு வேறு நிறத்தை அனுப்பும், அல்லது எதையுமே அனுப்பாது.

இவ்வளவு கண்ட தியோடரிக் வில்லின் உயரத்தை 22 டிகிரி என்று எழுதிவிட்டார். பேக்கனின் 42 இருந்தும் ஏன் இப்படி எழுதினார் என்பது இன்றும் புதிர். ஆனாலும் பாதை சரி. அந்தப் பெருமையை இந்த ஓர் எண் குறைத்துவிடாது.

இந்த இடத்தில், நம் பள்ளிகளில் பரவலாகச் சொல்லித்தரப்படும் ஒரு பிழையைத் திருத்தியாக வேண்டும். துளியின் உள்ளே நடப்பது முழு அக எதிரொளிப்பு என்று பல வழிகாட்டி நூல்கள் சொல்கின்றன. அப்படி இல்லை. நீரிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி முழுமையாகத் தெறிக்க வேண்டுமானால், அது சுமார் 48.6 டிகிரிக்கு மேற்பட்ட கோணத்தில் பரப்பைத் தாக்க வேண்டும். வானவில்லை உண்டாக்கும் கதிர் துளியின் பின்சுவரை ஏறத்தாழ 40 டிகிரியில்தான் தாக்குகிறது. ஒளியின் பெரும்பகுதி பின்பக்கமாக வெளியேறிவிடுகிறது. நூறில் ஐந்தாறு பங்குதான் தெறித்துத் திரும்புகிறது. நாம் பார்க்கும் வில் முழுவதும் அந்தச் சிறு மிச்சத்தால் ஆனது. இரண்டாம் வில் இவ்வளவு மங்கலாக இருப்பதற்கும் இதுவே முக்கியக் காரணம். மிச்சத்திலும் மிச்சம் அது.

இரண்டு நூல்களும் பிறகு என்ன ஆயின? சொல்லவே வருத்தமாக இருக்கிறது. தியோடரிக்கின் கையெழுத்துப் படி நூலகங்களில் உறங்கியது. 1814இல்தான் இத்தாலிய இயற்பியலாளர் வெந்தூரி அதை அறிவியல் உலகுக்கு எடுத்துச் சொன்னார். குழாயின் குறுகிய பகுதியில் நீர் விரையும்போது அழுத்தம் குறையும் என்று படித்திருப்பீர்களே, அந்த வெந்தூரிதான். ஃபாரிசியின் நூல் ஐரோப்பியர் கண்ணில் பட இன்னும் நூறு ஆண்டுகள் ஆயின. ஜெர்மானிய அறிஞர் வீடமன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைப் பற்றி எழுதினார். அந்த அரபு நூல் அச்சேறியது நம் நாட்டில்தான். ஐதராபாத்தில், 1928ஐ ஒட்டிய ஆண்டுகளில், அது இரு தொகுதிகளாக வெளிவந்தது. கல்கத்தாவில் ராமன் தம் பெயரால் வழங்கும் ஒளிச்சிதறலைக் கண்டதும் 1928இல்தான். ஒரே நாட்டின் இரு நகரங்களில், ஒளியின் பழைய ஏடு ஒன்றும் புதிய ஏடு ஒன்றும் அந்நாட்களில் திறந்தன.

ஏடுகள் உறங்கியதால் ஐரோப்பா மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. 1629 மார்ச்சில் ரோம் நகர வானத்தில் சூரியனுக்கு இருபுறமும் போலிச் சூரியன்கள் தோன்றின. அந்தச் செய்தி ஹாலந்தில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ரெனே டெகார்த்தின் காதுக்கு எட்டியது. கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு வானத்து ஒளிக்கோலங்களை ஆராயத் தொடங்கினார். 1637இல் லைடனில் வெளியான அவருடைய புகழ்பெற்ற நூலின் இணைப்புகளில் ஒன்று வானிலையைப் பற்றியது. வானவில்லுக்கான அத்தியாயம் அதில் இருக்கிறது. அவரும் ஒரு பெரிய கண்ணாடி உருண்டையில் நீரை நிரப்பினார். ஃபாரிசியின் பெயரையோ தியோடரிக்கின் பெயரையோ சொல்லவில்லை. பாதையைக் கண்டதோடு நின்றிருந்தால், மூன்றாவதாக வந்தவர் என்பதைத் தவிர அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருந்திராது. ஆனால் அவர் கேட்ட அடுத்த கேள்வியை முன்னவர்கள் கேட்கவில்லை. ஒளி துளியின் முகம் முழுவதும் விழுகிறது. ஒவ்வொரு கதிரும் வெவ்வேறு கோணத்தில் திரும்புகிறது. பிறகு ஏன் 42 டிகிரியில் மட்டும் வில்?

இதற்கு ஓர் ஆயுதம் அவரிடம் இருந்தது. ஒளி எவ்வளவு வளையும் என்பதைத் துல்லியமாகச் சொல்லும் சைன் விதி. இப்னு சஹல் 984இலேயே பாக்தாதில் கண்டது, ஸ்னெல் 1621இல் கண்டும் அச்சிடாமல் விட்டது, டெகார்த் அதே 1637 நூலில் முதன்முதலாக அச்சில் கொண்டுவந்தது. துளியின் ஆரத்தை 10,000 பங்குகளாக வைத்துக்கொண்டு, மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி விழும் கதிர் எந்தக் கோணத்தில் திரும்புகிறது என்று ஒவ்வொன்றாகக் கணக்கிட்டார். எல்லாம் கைக்கணக்கு.

5,000 பங்கு தள்ளி விழும் கதிர் 27 டிகிரி 52 நிமிடத்தில் திரும்புகிறது. 6,000இல் 32 டிகிரி 56 நிமிடம். ஆயிரம் பங்குக்கு ஐந்து டிகிரி ஏற்றம். 7,000இல் 37 டிகிரி 26 நிமிடம். 8,000இல் 40 டிகிரி 44 நிமிடம். 9,000இல் 40 டிகிரி 57 நிமிடம். இப்போது ஏற்றம் வெறும் 13 நிமிடம், ஒரு டிகிரியில் கால்பங்குகூட இல்லை. துளியின் விளிம்பில், 10,000இல், கோணம் 13 டிகிரி 40 நிமிடத்துக்குச் சரிந்துவிடுகிறது. இடையில் இன்னும் நெருக்கமாகக் கணக்கிட்டபோது உச்சம் 41 டிகிரி 30 நிமிடம் என்று வந்தது. சூரியனின் அரைவிட்டத்துக்கு 17 நிமிடம் கூட்டினால் 41 டிகிரி 47 நிமிடம். பேக்கனின் 42 எங்கிருந்து வந்தது என்பதற்கு 370 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த பதில் இது.

ஊஞ்சல் உயரே போய்த் திரும்பும் இடத்தில் தயங்கி நிற்பதைப் போல, கோணம் ஏறி உச்சம் தொட்டு இறங்கும் இடத்தில் தயங்குகிறது. துளியின் அகன்ற ஒரு வளையத்தில் விழும் கதிர்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே கோணத்தில் நெருங்கி வெளியேறுகின்றன. அந்த நெரிசல்தான் வில். உச்சத்துக்குக் குறைவான கோணங்களிலும் ஒளி வருகிறது, ஆனால் பரவலாக. ஆகவே வில்லுக்கு உட்பக்க வானம் வெளுத்துத் தெரியும். உச்சத்துக்கு மேல் ஒரு தெறிப்பு ஒளி வரவே வராது. இரண்டு தெறிப்பு ஒளிக்கு நேர்மாறான கணக்கு. அதற்கு மிகச் சிறிய கோணம் 51 டிகிரி 37 நிமிடம் என்று டெகார்த் கண்டார், அதற்குக் கீழே அது வராது. ஆக, இரு விற்களுக்கும் நடுவே இரண்டு ஒளியும் எட்டாத ஒரு பட்டை மிஞ்சுகிறது. கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த அலெக்ஸாண்டர் என்ற கிரேக்க உரையாசிரியர் அந்தக் கரிய பட்டையைக் கவனித்து, ஏன் என்று கேட்டுவைத்திருந்தார். ஒரே அட்டவணை வில்லின் உயரத்தையும் உள்வெளிச்சத்தையும் நடு இருட்டையும் சேர்த்து விளக்கிவிட்டது. அறிவியல் வரலாற்றில் இவ்வளவு நிறைவான கணக்கு அரிது.

இந்த 42 டிகிரியை நம் ஊரில் வைத்துப் பார்க்கலாம். வில்லின் வட்டத்துக்கு மையம் சூரியனுக்கு நேர் எதிர்ப்புள்ளி, அதாவது உங்கள் தலையின் நிழல் விழும் திசை. சூரியன் 42 டிகிரிக்கு மேலே ஏறிவிட்டால் வில் முழுவதும் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். சென்னையில் மார்கழி நடுப்பகலில்கூடச் சூரியன் 53 டிகிரி உயரத்தில் இருக்கும். ஆகவே தமிழ்நாட்டின் சமவெளியில் நின்று நடுப்பகல் மழையில் வானவில் காண முடியாது. தப்ரீசிலும் ஃபிரைபெர்க்கிலும் குளிர்காலச் சூரியன் தாழ்வாகவே போவதால் அங்கே நண்பகலிலும் தோன்ற வழியுண்டு. நமக்குக் காலையில் மேற்கே, மாலையில் கிழக்கே.

டெகார்த்தையும் அடுத்து வரும் நியூட்டனையும் மட்டும் சொல்லி வானவில்லின் கதையை முடிக்கும் வழக்கம் இனியாவது மாற வேண்டும். ஒளி துளிக்குள் நுழைந்து திரும்புகிறது என்று கண்டவர்கள் ஃபாரிசியும் தியோடரிக்கும். ஏன் அந்தக் கோணம் என்று கண்டவர் டெகார்த். இந்த வரிசையில்தான் பாடநூல்கள் இதைச் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை மாலை வெயிலோடு மழை தூறினால், சூரியனுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். கையை முழுவதும் நீட்டி விரித்தால் கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் இடையிலான ஒரு சாண் ஏறத்தாழ 20 டிகிரி. தலை நிழல் இருக்கும் திசையிலிருந்து இரண்டு சாணுக்குக் கொஞ்சம் மேலே வில் நிற்கும். அதற்கு மேல் அரைச் சாண் தள்ளி இரண்டாம் வில்லையும், நடுவே கரிய பட்டையையும் தேடுங்கள். மழை இல்லாத நாளில் புல்நுனிப் பனித்துளி போதும். வெயிலுக்கு முதுகு காட்டி, மின்னும் ஒரு துளியில் பார்வையை நிறுத்தித் தலையை மெல்ல நகர்த்துங்கள். அதே துளி சிவப்பாகவும் மஞ்சளாகவும் பச்சையாகவும் நீலமாகவும் மாறும்.

டெகார்த்தின் கணக்கில் ஒரு குறை உண்டு. நீர் எல்லா நிறத்தையும் ஒரே அளவு வளைப்பதாக வைத்துக்கொண்டதால், சூரியனின் அகலத்துக்கு மேல் அவருடைய வில்லுக்கு அகலம் கிடைக்கவில்லை. உண்மை வில் ஏறத்தாழ 2 டிகிரி அகலம் கொண்டது. அந்த அகலத்தைக் கணக்கில் கொண்டுவந்தவர் கேம்பிரிட்ஜில் முப்பட்டகத்தோடு உட்கார்ந்திருந்த ஓர் இளைஞர். அவரை அடுத்த இதழில் சந்திப்போம்.

(தொடரும்)